அம்பாசிடரில் இக்னிஷன் ஒயர் சூடேறினால் எங்கே தேடுவது?

தொப்பூர் கணவாய் ஏறி தருமபுரி வந்து சேர்ந்த பழைய அம்பாசிடரின் பானெட்டைத் திறந்தால் எல்லாமே சுடத்தான் செய்யும். அந்தச் சூட்டில் ஒயரைத் தொட்டு முடிவு கட்டாதீர்கள். இரவு முழுக்க நிறுத்திய வண்டியில், வெயில் ஏறும் முன் சோதியுங்கள். நெகட்டிவ் எர்த் வண்டிக்கே, அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டி உடலோடு இணைந்த வண்டிக்கே, இதை எழுதுகிறேன்.

மின்சாரம் போகும் வழி இதுதான்: பேட்டரி, சாவி சுவிட்ச், தீப்பொறிக்கு வோல்ட்டை ஏற்றித் தரும் காயில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்ட், எர்த் (வண்டி உடல்). லூகாஸ் கம்பெனியின் பழைய ஒயர் நிற முறையில் சாவியிலிருந்து காயிலுக்கு வரும் ஒயர் வெள்ளை நிறம். அதில் ஃபியூஸ் கிடையாது. புகை வந்தால் யோசிக்காமல் பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள்.

முதலில், காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனையிலிருந்து இன்ஜின் உடலுக்கு ஒரு கிளிப் ஒயர் போடுங்கள். பாயிண்ட் திறந்து நின்றால் மின்சாரமே ஓடாது. பிறகு வைக்கும் மீட்டரும் பூஜ்யம் காட்டி ஏமாற்றிவிடும். சாவியைப் போட்டு, ஓரிரு நிமிடத்துக்குள் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். ஓரிடம் மட்டும் சுட்டால் ஜாயிண்ட் கெட்டிருக்கிறது. முழு நீளமும் சுட்டால் மின்சாரம் அதிகம் ஓடுகிறது, அல்லது யாரோ மெல்லிய ஒயரைப் போட்டிருக்கிறார்கள்.

அடுத்து மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு முனை காயிலின் சாவிப் பக்கத்தில். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் தடை உண்டு. கறுப்பு முனையை சுவிட்சில் காயிலுக்குப் போகும் முனை, பேட்டரியிலிருந்து வரும் முனை என்று பின்னோக்கி நகர்த்துங்கள். அளவு எங்கே சட்டென்று விழுகிறதோ, குற்றவாளி அந்த இரண்டு இடங்களுக்கு நடுவே இருக்கிறான். பச்சை பூத்த ஒரு டெர்மினலில் வெறும் அரை ஓம் தடை போதும். சுமார் 6 வாட் வெப்பம் அந்தச் சிறு இடத்திலேயே தங்கி, பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

கிளிப்பைக் கழற்றும் முன் சாவியை அணையுங்கள். மறந்தால் காயில் நினைவூட்டும், வலிக்கும்படி.

ஜாயிண்ட் சரியாக இருந்தால் காயிலின் இரு ஒயரையும் கழற்றி ஓம் பாருங்கள். சாதாரண 12 வோல்ட் காயில் சுமார் 3 ஓம் காட்டும். 1.5 ஓம் காட்டினால் அது மின்சாரத்தை மட்டுப்படுத்த வெளியே ஒரு ரெசிஸ்டர் வேண்டிய காயில். ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டியிருந்தால் 4 ஆம்பியர் ஓட வேண்டிய ஒயரில் 8 ஓடும். வெப்பமோ நான்கு மடங்கு. ரெசிஸ்டர் சுடுவது மட்டும் இயல்பு. ஒயர்கள் அதை உரசாமல் பாருங்கள்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, கறுத்த செம்பை வெட்டி, புதிய லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) வைத்து அழுத்துங்கள். முறுக்கி டேப் சுற்றுவது பழுது பார்ப்பது ஆகாது. சுவிட்சின் இரு முனைக்கு இடையிலேயே வோல்ட் விழுந்தால் சுவிட்சையே மாற்றிவிடுங்கள்.