மொட்டை மாடி சோலார்: காற்று கீழிருந்துதான் தூக்கும்

பெங்களூரில் ஏப்ரல், மே மாதக் கோடை மழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்றுதான் சோலார் பேனலுக்குப் பரீட்சை. 550 வாட் பேனல் ஏறக்குறைய 28 கிலோ, பரப்போ 2.5 சதுர மீட்டர். கட்டுமானக் கணக்குக்கு இந்த ஊருக்கு எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 33 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு பேனலை மேலே தூக்கும் விசை 150 கிலோவைத் தாண்டலாம். ஓர் அடிக் கனச்சதுர கான்கிரீட் கட்டை 68 கிலோதான். வெறுமனே இரண்டு கட்டை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

தெற்கு பார்த்து 13 டிகிரி சாய்வு போதும். அதிகம் நிமிர்த்தினால் காற்றைப் பிடிக்கும் பாய்மரம்தான்.

சட்டத்தின் காலைத் தளத்தோடு பிணைக்கும் கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை விட்டு நிறுத்தும் போல்ட்) போடும்போது துளைக்குள் தூசி மிஞ்சினால், பசை தூசியைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டை அல்ல. ஊதி, பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஊதுங்கள். அவசரக்கார ஆட்கள் விட்டுவிடுவது இதைத்தான். பசை காயும் முன் நட்டை முறுக்கக் கூடாது. சட்டத்தின் கால் உட்காரும் பேஸ் பிளேட்டைச் சுற்றி வாட்டர்ப்ரூஃப் பூச்சு கட்டாயம்; இல்லையென்றால் ஜூனில் கீழ் அறை சீலிங் ஒழுகும்.

பேனலைச் சட்டத்தோடு பிடிக்கும் கிளாம்பைப் பேனலின் மூலையில் போடாமல், நீளவாட்டில் கால் பங்கு உள்ளே தள்ளிப் போடுங்கள். போல்ட் எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) ஆக இருக்கட்டும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டத்தை வெட்டிய இடத்தில் ஜிங்க் பெயின்ட் அடியுங்கள்.