முதல் பணியாளரை எடுப்பதற்கு முன் எழுதி வைக்க வேண்டிய நான்கு தாள்கள்

இரண்டு பேராக நடத்திவந்த தொழிலுக்கு மூன்றாவதாக ஒருவரை எடுத்தோம். ஆர்டர்களைச் சரிபார்ப்பது, பில் போடுவது, வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவது ஆகியவை அவருடைய பொறுப்பு. நேர்காணலில் அவர் பேசிய விதம் எங்கள் இருவருக்கும் பிடித்துப்போயிற்று. நான்காவது மாதம் அவரே விலகிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொழுதெல்லாம் எண்களோடு உட்கார வேண்டிய வேலை அது. அவருக்கோ ஆட்களோடு பேசிப் பழகுவதில்தான் விருப்பம். இதை நாங்கள் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. வேலை இன்னதென்று நாங்களே எழுதிப் பார்த்திருக்கவில்லை. அதற்கு விலையாக அவருடைய நான்கு மாதங்களும் போயின.

அடுத்த முறை மூன்று வாரங்களைத் தயாரிப்புக்கென்றே ஒதுக்கினோம். அப்போது வந்தவர் இன்றும் எங்களோடு இருக்கிறார். பிறகு இன்னும் இருவரை இதே வழியில் எடுத்தோம். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். விளம்பரத்தை எங்கே கொடுப்பது, நியமனக் கடிதத்தை எப்படி எழுதுவது என்பவை பற்றி இதில் பேசப்போவதில்லை.

தாள் 1: வேலைக் குறிப்பு

புதியவரிடம் ஒப்படைக்க நினைக்கும் வேலைகளை இரண்டு வாரம் நீங்களே செய்துகொண்டு, செய்யச் செய்யக் குறித்து வையுங்கள். என்ன வேலை, எத்தனை நிமிடம், எங்கே தடுமாற்றம் வந்தது என்று மூன்று நெடுவரிசைகள் போதும். நினைவிலிருந்து எழுதாதீர்கள். வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவதே பெரும்பகுதி என்று நான் நம்பியிருந்தேன். குறிப்பைக் கூட்டிப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்ட நேரம் ஆர்டரையும் பில்லையும் ஒப்பிடுவதில் போயிருந்தது. எங்களுக்கு வேண்டியது வேறு ஆள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கூட்டிப் பார்த்தால் நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் வருகிறதா? அப்படியானால் முழுநேர ஆளை எடுக்காதீர்கள். பகுதிநேர ஆளே போதும்.

தாள் 2: தேவைகள்

முதலில், மூன்று மாதம் கழித்து அவர் எதையெல்லாம் உங்கள் உதவியில்லாமல் முடிக்க வேண்டும் என்று நான்கைந்து வரிகள் எழுதுங்கள். "பொறுப்பானவர்" என்பது போன்ற சொற்களுக்கு அதில் இடமில்லை. "மாத இறுதிக் கணக்கை மூன்றாம் தேதிக்குள் பிழையில்லாமல் முடிப்பார்" என்று கண்ணால் பார்த்துச் சரிபார்க்கும்படி இருக்க வேண்டும்.

பிறகு அதற்கு வேண்டிய தகுதிகளை இரண்டாகப் பிரியுங்கள்: வரும்போதே தெரிந்திருக்க வேண்டியவை, வந்தபின் கற்றுக்கொள்ளக்கூடியவை. முதல் பட்டியல் ஐந்தைத் தாண்டினால் மறுபடி உட்காருங்கள். எங்களுடைய முதல் விளம்பரத்தில் 14 தகுதிகளைக் கேட்டிருந்தோம். அவற்றில் ஒன்று நாங்கள் பயன்படுத்தும் பில் மென்பொருள். புதிதாக வருபவர் அதை ஒரே வாரத்தில் கற்றுக்கொள்கிறார். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு எத்தனை நல்லவர்கள் விண்ணப்பிக்காமல் போனார்களோ என்று இப்போதும் வருந்துகிறேன்.

இந்தத் தாள் முடிந்தால் விளம்பரம் பாதி எழுதியாயிற்று. சம்பளத்தையும் வேலை நேரத்தையும் விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள். கட்டுப்படியாகாதவர் வீணாக வந்து போகும் அலைச்சல் இருக்காது.

தாள் 3: கேள்விகளும் மதிப்பெண்களும்

நான் சறுக்கிய இடம் இதுதான்.

முதல் ஆளை எடுத்தபோது எங்கள் கையில் கேள்வித்தாள் இல்லை. பயோடேட்டாவைப் பார்த்துக்கொண்டே பேச்சு போன போக்கில் கேட்டோம். ஒருவரிடம் ஒரு நல்ல குணத்தைப் பார்த்துவிட்டால் மற்ற எல்லாவற்றிலும் அவரை உயர்த்தி மதிப்பிடும் இயல்பை எட்வர்ட் தார்ண்டைக் என்ற உளவியலாளர் 1920-இலேயே எழுதியிருக்கிறார். எங்களுக்கு நடந்தது அதுவே. தெளிவாகப் பேசியவர் கணக்கிலும் தெளிவாக இருப்பார் என்று எடுத்துக்கொண்டோம்.

1998-இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்ட்டர் என்ற உளவியலாளர்கள் ஆள்தேர்வு பற்றிய 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து, எந்தத் தேர்வு முறை வேலைத்திறனை எவ்வளவு நன்றாகக் கணிக்கிறது என்று பட்டியலிட்டார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணல், போகிற போக்கில் பேசும் நேர்காணலைவிட நன்றாக வேலைத்திறனைக் கணித்தது. 2022-இல் பால் சாக்கெட்டும் குழுவினரும் அந்தக் கணக்கைத் திருத்திப் போட்டபோது பல எண்கள் இறங்கின. இப்படி ஒரே கேள்விகளோடு ஒழுங்குபடுத்திய நேர்காணல் முதலிடத்துக்கு வந்தது. எத்தனை ஆண்டு அனுபவம் என்பது இரண்டு பட்டியலிலும் கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறது. அதனால் "குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவம்" என்று நான் இப்போது கேட்பதே இல்லை.

இரண்டாம் தாளின் ஐந்து தகுதிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விகள், ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். இதுவரை நாங்களும் சரியாகச் செய்தோம். ஆனால் இரண்டாம் முறையின் முதல் நேர்காணல் முடிந்ததும் தாள்களை ஒப்பிட்டால், ஒரே பதிலுக்கு என் பங்குதாரர் நான்கு போட்டிருக்கிறார், நான் இரண்டு போட்டிருக்கிறேன். அரை மணி நேரம் வாதாடினோம். நான்கு என்றால் என்ன, இரண்டு என்றால் என்ன என்று தாளில் எழுதாமல் விட்டிருந்தோம். எண் இருந்ததே ஒழிய அளவுகோல் இல்லை.

ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் கீழே மூன்று மாதிரிப் பதில்களை முன்கூட்டியே எழுதுங்கள். எங்கள் தாளிலிருந்து ஒன்று:

"கணக்கில் பிழை ஒன்றை நீங்களே கண்டுபிடித்த சமயம் எது? என்ன செய்தீர்கள்?"
1: நினைவில் இல்லை என்கிறார், அல்லது பிறர் சுட்டிக்காட்டியதைச் சொல்கிறார்.
3: பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியதைச் சொல்கிறார்.
5: திருத்தியதோடு, அது எப்படி வந்தது, மறுபடி வராமலிருக்க எதை மாற்றினார் என்றும் சொல்கிறார்.

இதை எழுத ஒரு முழு நாள் பிடிக்கும். அலுப்பாக இருக்கும். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஐந்துக்கான பதிலை உங்களால் எழுத முடியவில்லை என்றால், அந்தக் கேள்வியைக் கேட்டுப் பயனில்லை. வேறு கேள்வி தேடுங்கள்.

மதிப்பெண்ணை அந்தந்தத் தகுதி முடிந்தவுடனேயே போட்டுவிட வேண்டும். நேர்காணல் செய்பவர்கள் இருவர் என்றால் தனித்தனியாகப் போட்டபின்தான் பேச வேண்டும்.

உள்ளுணர்வுக்கு இடமே இல்லையா என்று என் பங்குதாரர் கேட்டார். உண்டு, ஆனால் கடைசியில்தான். உளவியலாளர் டேனியல் கானமன் 1955-இல், 21 வயதில், இஸ்ரேலிய ராணுவத்துக்காக நேர்காணல் முறை ஒன்றை அமைத்தார். ஆறு குணங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, தனித்தனியாக மதிப்பெண் இட வேண்டும். எங்களை இயந்திரமாக்குகிறீர்களே என்று நேர்காணல் செய்தவர்கள் எதிர்த்தார்கள். சரி, ஆறுக்கும் போட்டு முடித்தபின் கண்ணை மூடி அந்த ஆளை ராணுவ வீரராக நினைத்துப் பார்த்து ஒரு மதிப்பெண் போடுங்கள் என்றார். அந்தக் கடைசி மதிப்பெண்ணும் ஆறின் கூட்டுத்தொகை அளவுக்கே நன்றாகக் கணித்தது. எங்கள் தாளின் அடியிலும் அப்படி ஒரு கட்டம் இருக்கிறது. மற்றவை நிரம்பிய பிறகே அதைத் தொடுகிறோம்.

தாள் 4: மாதிரி வேலை

உண்மையான வேலையின் சிறு துண்டு, ஒரு மணி நேரத்துக்கு மிகாமல். எல்லோருக்கும் ஒன்றே. நாங்கள் கற்பனையான 20 ஆர்டர்களையும் பில்களையும் கொடுத்து, பொருந்தாதவற்றைக் கண்டுபிடிக்கச் சொல்கிறோம். மூன்று பிழைகளை நாங்களே வைத்திருப்போம். உங்கள் தொழிலுக்கு நாளை பயன்படும் வேலையைத் தேர்வு என்ற பெயரில் செய்து வாங்காதீர்கள்; அது திருட்டு. செலவிடும் நேரத்துக்குப் பணமும் கொடுங்கள்.

கருவிகள்: நேர்காணலில் அச்சிட்ட தாளும் பென்சிலும்தான். எதிரே ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தால் பேசுபவரின் கவனம் சிதறுகிறது. பிறகு எண்களைக் கூகுள் ஷீட்ஸில் ஏற்றுகிறேன். ஆள் தேர்வுக்கென்று தனி மென்பொருள் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். ஆண்டுக்கு இரண்டு பேரை எடுக்கும் தொழிலுக்கு அது தேவையே இல்லை.

பின்சேர்க்கை

கருத்துப் பகுதியில் இரண்டு பேர் நல்ல சிக்கல்களைச் சொன்னார்கள்.

முதலாவது, முன்பு வேலையே பார்த்திராதவரிடம் "அந்தச் சமயம் எது" என்று எப்படிக் கேட்பது? அவர்களுக்குச் சூழ்நிலையைக் கொடுத்துக் கேளுங்கள்: "மாத இறுதி, பில்லில் பிழை, பொறுப்பாளர் ஊரில் இல்லை, என்ன செய்வீர்கள்?" கேரி லேதமும் உடன் ஆய்வாளர்களும் 1980-இல் விளக்கிய முறை இது. மாதிரிப் பதில்களை எழுதும் வேலை இதிலும் உண்டு. அனுபவமுள்ளவரும் இல்லாதவரும் ஒன்றாக விண்ணப்பித்தால் எல்லோருக்கும் சூழ்நிலைக் கேள்விகளையே வையுங்கள்.

இரண்டாவது, நான் தனி ஆள், இரண்டாவது மதிப்பெண்ணுக்கு எங்கே போவது? மாதிரி வேலைத் தாள்களில் பெயரை மறைத்து, அதே வேலை தெரிந்த நண்பர் ஒருவரிடம் திருத்தக் கொடுங்கள். ஆட்களின் விவரங்கள் எதுவும் அவர் கைக்குப் போகக் கூடாது. அவர் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் உங்கள் மதிப்பெண்ணை எழுதி வைத்துவிடுங்கள்.