மார்க்கேசாஸ் தீவுகளுக்குக் கப்பலில் போகிறீர்களா?

தென் பசிபிக்கில் பிரான்சின் ஆட்சிப்பகுதியான பிரெஞ்சு பாலினேசியாவில் கிராம வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்க்க, தஹிட்டித் தீவிலுள்ள தலைநகர் பப்பெயேத்தேயிலிருந்து மார்க்கேசாஸ் போகும் 'அரானுய் 5' நல்ல தேர்வு. பாதி சரக்குக் கப்பல், பாதி பயணிகள் கப்பல். அரிசி மூட்டை, சிமென்ட் எல்லாம் இறங்கும் நாளில் ஊரே துறைக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் அறைக்குள் இருக்காதீர்கள், கீழே இறங்கி "கஓஹா" என்று வணக்கம் சொல்லுங்கள். பேச்சு தானாகத் தொடங்கும்.

அங்கே டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் கிடையாது. அன்புக்குப் பதில் செய்ய நினைத்தால், மரச்சிற்பத்தையோ, மரப்பட்டையை அடித்துச் செய்யும் தாப்பா துணியையோ செய்தவர் கையிலிருந்தே வாங்குங்கள். பேரம் பேச வேண்டாம். சிறிய தீவுகளில் ஏடிஎம் கிடைக்காமல் போகலாம். பசிபிக் பிராங்க் நோட்டுகளைத் தஹிட்டியிலேயே எடுத்துவிடுங்கள். விருந்தில் சீமைப்பலாவைப் பிசைந்து புளிக்கவைத்த போபோய் வரும். புளிப்புதான், ஆனாலும் ஒரு வாயாவது சாப்பிட்டுப் பாருங்கள்.

மார்க்கேசாஸில் ஒன்றான ஃபாட்டு ஹிவா தீவில் ஓமோவா கிராமத்திலிருந்து ஹனவாவேக்கு மலை வழியே நடக்கலாம், சுமார் 17 கிலோமீட்டர். ஏற்றம் கடுமை. மேலிருந்து தெரியும் விரிகுடாவுக்காகவே நடக்கலாம்! பிடிமானமுள்ள காலணி, நிறையத் தண்ணீர் அவசியம். 'நோநோ' என்ற பொடி ஈ கடித்தால் சொறியக் கூடாது, புண்ணாகிவிடும். முழுக்கைச் சட்டை போடுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க: சாதாரண ஷெங்கன் விசா இங்கே செல்லாது. பிரெஞ்சு பாலினேசியாவுக்கு என்று குறிப்பிட்டே விண்ணப்பிக்க வேண்டும்.