‘மழைதான் காரணம்’ என்றால் மழை அளவைப் பாருங்கள்

இன்டர்ன்ஷிப்பில் இருக்கும் சட்ட மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. சுவர் இடிந்த நஷ்டஈட்டு வழக்கில் எதிர்த்தரப்பு ‘தெய்வச் செயல்’ (யாரும் எதிர்பார்க்கவோ தடுக்கவோ முடியாத இயற்கை நிகழ்வு, அதனால் எங்களுக்குப் பொறுப்பில்லை) என்று பதில் மனு போட்டிருந்தால், தீர்ப்பு தேடும் முன் வானிலை ஆய்வு மையத்தின் அன்றைய மழைப் பதிவையும், அதே மாதத்தின் முந்தைய ஆண்டுப் பதிவுகளையும் எடுத்து வையுங்கள். சீனியர் முதலில் கேட்பது அதைத்தான்.

கல்லுலால் எதிர் ஹேம்சந்த் வழக்கில் (மத்தியப் பிரதேசம், 1958) சுவர் இடிந்த அன்று பெய்தது 2.66 அங்குலம். மழைக்காலத்தில் அது சகஜம்தானே? அதனால் தெய்வச் செயல் வாதம் எடுபடவில்லை. 1876-இல் இங்கிலாந்தின் நிக்கோல்ஸ் எதிர் மார்ஸ்லண்ட் வழக்கில் எடுபட்டது. அங்கே வரலாறு காணாத மழை, கவனக்குறைவு இல்லையென்று ஜூரியும் சொல்லிவிட்டது.

அப்புறம், சுவர் பழுதென்று முன்பே நகராட்சி நோட்டீஸ் வந்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள்; கவனக்குறைவைக் காட்ட அது உதவும்.