தோலில் இருந்து வச்சிரம்: வீட்டுப் பட்டறையில் காய்ச்சும் முறை

பழைய தேக்கு அலுமாரி, முதிரைக் கதிரை திருத்துகிறவர்களுக்கு வச்சிரப் பசை போல நல்ல துணை வேறில்லை. புட்டியில் வரும் வெள்ளைப் பசையால் ஒட்டிய பொருத்தைக் கழற்றப் போனால் பல நேரம் மரம்தான் பிய்ந்து வரும். வச்சிரமோ சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். நாளைக்கு இன்னொருவர் அதே கதிரையை மரம் நோகாமல் கழற்றித் திருத்தலாம். அதற்காகவே இதைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன்.

முதலில் தோல். மிருதங்கம், தவில் கட்டும் இடங்களில் வெட்டி ஒதுக்கும் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள், அரைக் கிலோ போதும். பதனிட்ட தோல் வேண்டாம். செருப்பும் பையும் தைக்கிற தோலை நாள் முழுக்கக் காய்ச்சினாலும் உருப்படியான பசை வராது. மயிர், கொழுப்பு, கரணை (மிருதங்கத்தில் பூசும் கறுப்புச் சாந்து) ஒட்டிய துண்டுகளைக் கழித்துவிட்டு, மிச்சத்தை விரல் அகலத்துக்கு நறுக்குங்கள். ஒரு நாள் முழுக்கப் பச்சைத் தண்ணியில் ஊறட்டும். உப்புப் போட்ட தோலாக இருந்தால் உப்புச் சுவடே இல்லாமல் போகும் வரை தண்ணியை மாற்றிக்கொண்டே இருங்கள்.

இனிக் காய்ச்சல். தோலை ஒரு சட்டியில் போட்டு, அது மூடும் அளவுக்குத் தண்ணி விடுங்கள். அந்தச் சட்டியைச் சுடுதண்ணி உள்ள பெரிய பானைக்குள் இறக்குங்கள். அடுப்பில் நேரே வைக்கவே கூடாது. வெப்பமானி 65 முதல் 70 பாகை செல்சியசுக்குள் நிற்க வேண்டும். நான் முதன்முறை காய்ச்சியபோது கெதியாக முடிக்க நினைத்துக் கொதிக்க விட்டேன். பார்வைக்குப் பசை வடிவாகத்தான் இருந்தது. அதை வைத்து ஒட்டிய அம்மாவின் கதிரைக்கால் ஒரு கிழமையில் கழன்றுவிட்டது. கொதித்தால் பசைக்குப் பிடிப்பைத் தரும் புரத இழைகள் துண்டுபட்டுப் போகும், பிறகு அதைத் திருப்பி எடுக்க வழியில்லை.

நாலைந்து மணித்தியாலத்தில் தண்ணி தேன் நிறமாகும். இரண்டு விரல்களில் தொட்டுப் பிரித்தால் நூல் இழுக்கும். பழைய வேட்டித் துணியில் வடித்து வையுங்கள். இந்த முதல் வடிதான் வலுவானது. அதே தோலில் திரும்பக் காய்ச்சி எடுப்பது பலம் குறைந்தது, காகிதம் ஒட்ட உதவும்.

வடித்ததைத் தட்டில் அரை அங்குல உயரத்துக்கு ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் களி போல இறுகியிருக்கும். கீற்றுகளாக வெட்டி வலையில் பரப்புங்கள். பனம்பழச் சாற்றைக் காயவைத்துச் செய்யும் பனாட்டு மாதிரி வெயிலில் காயப்போட்டுவிடாதீர்கள். இந்தக் களி 30 பாகை தாண்டினாலே இளகத் தொடங்கும், நம் யாழ்ப்பாணத்துப் பகல் அதற்குத் தாராளம். நிழலும் மின்விசிறிக் காற்றும் போதும். தை மாதத்து இரவுகள் மிக நல்லவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்கினால் காயுமுன் பூஞ்சணம் பிடித்துவிடும். கீற்று கண்ணாடி போலப் படக்கென்று முறிந்தால் காய்ந்துவிட்டது. புட்டியில் அடைத்து வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது.

ஒட்டும் நாளில் 30 கிராம் வச்சிரத்தை நொறுக்கி, 60 மில்லிலீற்றர் பச்சைத் தண்ணியில் இரவே ஊறப் போடுங்கள். காலையில் பானைச் சூட்டிலேயே 60 பாகைக்கு உருக்குங்கள். தூரிகையை உயர்த்தினால் பசை அறாத இழையாக வழிய வேண்டும். கட்டி கட்டியாக விழுந்தால் ஒரு கரண்டி சுடுதண்ணி சேருங்கள்.

பூசுமுன் மரத்தைப் பத்து நிமிடம் முற்றத்து வெயிலில் வையுங்கள். குளிர்ந்த மரத்தில் பூசினால் பொருத்துக்குள் போகுமுன்னரே பசை உறைந்துவிடும். இரண்டு பக்கமும் பூசி, உடனே பொருத்தி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். பிதுங்கியதைச் சுடுதண்ணித் துணியால் துடைத்தால் போகும். மழை படும் கதவு, வாங்குகளுக்கு இது ஆகாது.

மிஞ்சிய பசையைக் குளிரில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் பாவியுங்கள். புளித்த நாற்றம் வந்தால் வெளியே ஊற்றிவிட்டுப் புதிதாக ஊறப் போடுங்கள்.