சுகர், தைராய்டு, பிரஷர்: கர்ப்பிணிக்கான மாத்திரை நேரமும் சாப்பாடும்

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசுப் பிரசவ ஆஸ்பத்திரியிலோ பக்கத்து கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியிலோ கர்ப்பிணி அட்டையில் ‘ஹை ரிஸ்க்’ (கூடுதல் கவனம் தேவை) என்று எழுதிவிட்டால் கை நிறைய மாத்திரை வரும். எல்லாவற்றையும் காலை இட்லிக்குப் பிறகு ஒரே மடக்கில் விழுங்கினால் பாதி வீண். கால்சியம் இரும்புச்சத்தைச் சேரவிடாது. இரண்டுமே தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாது.

தைராய்டு மாத்திரை காலை 6 மணிக்கு, வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். அரை மணியாவது கழித்துத்தான் டீ. இரும்பு மாத்திரை பத்தரைக்கு, சர்க்கரை போடாத எலுமிச்சைத் தண்ணீரோடு. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். குமட்டினால் ராத்திரி படுக்கும்போது போடலாம். மலம் கறுப்பாகப் போவது சகஜம். கால்சியம் மதியமும் ராத்திரியும் சாப்பாட்டோடு. ஆஸ்பிரின் எழுதியிருந்தால் ராத்திரி. ‘ரத்தம் நீர்த்துவிடும்’ என்று யாரோ சொன்னதற்காக நிறுத்தக் கூடாது. கர்ப்பத்துக்கு முன்பே டெல்மிசார்டன், எனலாபிரில் என்ற பிரஷர் மாத்திரைகளைப் போட்டுவந்தவர்கள் உடனே டாக்டரிடம் சொல்லி மாற்ற வேண்டும், அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

இன்சுலினில் பெரிய தவறு சிரிஞ்சில்தான் நடக்கும். பாட்டிலில் 40 ஐயூ (யூனிட்) என்றிருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 ஐயூ என்றிருந்தால் ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 40 பாட்டிலுக்கு ஆரஞ்சு சிரிஞ்சை எடுத்து 10-ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். தலைகீழாக மாறினால் 25 யூனிட் ஏறிவிடும். சுகர் 70-க்குக் கீழே போய் வியர்த்து நடுங்கினால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

பொதுவாக வைக்கும் இலக்கு: வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120-க்குள். அந்த 2 மணி நேரம் முதல் வாய் சாப்பிட்டதிலிருந்து கணக்கு. ஓ.பி. வரிசையில் நின்று மூன்று மணி நேரம் ஆகிவிட்டால் அளவு குறைவாகக் காட்டி ஏமாற்றும்.

கேழ்வரகுக் கூழ் சுகருக்கு நல்லது என்பது பாதி உண்மை. கரைத்துக் குடித்தால் சட்டென ஏறும். அதே மாவில் முருங்கைக்கீரை போட்டு அடை தட்டினால் மெதுவாக ஏறும். மூன்று இட்லிக்குக் காய் மிதக்கும் சாம்பார், கூடவே ஒரு முட்டை. மதியம் ஒரு கப் சோறு, அதைவிடக் கூடுதலாகப் பொரியல். பழமென்றால் கொய்யா, ஜூஸ் வேண்டாம். காசிமேட்டில் நெத்திலி, மத்தி வாங்குங்கள். சுறா பாதரசம் சேர்ந்த மீன், இப்போது வேண்டவே வேண்டாம். பிரஷர் இருந்தால் கருவாடு, அப்பளம், ஊறுகாய்க்கும் லீவு.

மண்டையைப் பிளக்கும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, ரத்தப்போக்கு, குழந்தை அசைவு குறைவது, பிரஷர் 160/110: இதில் ஒன்று வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மேல்வயிற்று வலியை ‘கேஸ்’ என்று சோடா குடித்துத் தள்ளிப்போடுபவர்கள்தான் அதிகம். அட்டையையும் மாத்திரைப் பையையும் கையோடு எடுத்துப் போங்கள்.