'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள்: பலதரப்பட்டவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கில வகுப்புக்கான நுழைவுத் தேர்வின் மொத்த மதிப்பெண்ணில் இரண்டு பேர் சமமாக வருகிறார்கள். ஒருவர் பொறியாளர். அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலச் செய்தித்தாளை வாசித்துவிடுவார், ஆனால் தொலைபேசி மணி அடித்தால் எடுக்கத் தயங்குவார். மற்றவர் வேலை செய்யும் இடத்தில் காதால் கேட்டே ஆங்கிலம் பழகியவர். மூச்சுவிடாமல் பேசுவார், ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பச் சொன்னால் திணறுவார். இருவரையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்து, ஒரே பாடநூலின் முதல் பக்கத்தைத் திறக்கச் சொல்வதில் தொடங்குகிறது பெரும்பாலான சிக்கல்.

ஒரே எண்ணால் ஒருவரின் ஆங்கிலத்தை அளக்க முடியாது. மொழித்திறனை அளக்க 2001-இல் வெளியான ஐரோப்பியப் பொதுச் சட்டகம், தொடக்கநிலையான ஏ1 முதல் உச்சநிலையான சி2 வரை ஆறு படிநிலைகளை வகுத்தது. அதிலேயே கேட்டல், வாசித்தல், உரையாடல், தொடர்ந்து பேசுதல், எழுதுதல் ஆகியவற்றுக்குத் தனித்தனி விவரிப்பு உண்டு. ஒருவர் வாசிப்பில் பி1 ஆகவும் பேச்சில் ஏ1 ஆகவும் இருப்பது சாதாரணம். எனவே முதல் நாளே ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மூன்று நிமிடம் பேச்சு. ஒரு சிறு பத்தியை மனதுக்குள் வாசித்துவிட்டுச் சொல்லச் சொல்வது. ஆங்கிலத்தில் நான்கைந்து வரி எழுதுவது. கடைசியாக, பலர் விட்டுவிடும் ஒன்று: தாய்மொழியில் நான்கைந்து வரி எழுதச் சொல்லுங்கள். அந்த மொழி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, கையைப் பார்த்தால் போதும். பேனா பிடிக்கும் விதம், வேகம், தயக்கம் எல்லாமே பள்ளிப்படிப்பு எவ்வளவு என்பதைச் சொல்லிவிடும்.

ஏனென்றால் 'ஏ, பி, சி தெரியாது' என்பதில் மூன்று வேறுபட்ட நிலைகள் ஒளிந்திருக்கின்றன. எந்த மொழியிலும் எழுதப் படிக்காதவருக்கு, பேசும் சொல்லை ஒலிகளாகப் பிரிக்கலாம் என்பதே புதுச் செய்தி. அவருக்கு மாதக்கணக்கில் தனிக் கவனம் வேண்டும், வாய்மொழிப் பயிற்சியும் படங்களும்தான் முதலில். வேறு எழுத்துமுறையில் நன்றாகப் படித்தவருக்கு எழுத்தறிவு ஏற்கெனவே இருக்கிறது, புது வடிவங்கள் சில வாரங்களில் வந்துவிடும். ஆனால் அரபு எழுதியவருக்கு இடமிருந்து வலம் போவதும், அரபிலும் சீனத்திலும் இல்லாத பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் பழக வேண்டும். ரோமன் எழுத்திலேயே படித்தவருக்கு எழுத்து தெரியும், அதன் ஒலிதான் வேறு. ஸ்பானிஷ் மொழிக்காரர் 'ஜே' என்ற எழுத்தைக் கண்டதும் 'ஹ' போன்ற ஒலியை எழுப்புவார். இந்த மூவருக்கும் ஒரே எழுத்துப் பயிற்சித் தாளைக் கொடுத்தால் ஒருவர் அழுவார், ஒருவர் சலிப்பார், ஒருவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

வாசிப்புப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கவும் ஓர் எளிய அளவுகோல் உண்டு. நூறு சொற்களைக் கொடுத்துத் தெரியாதவற்றை அடிக்கோடிடச் சொல்லுங்கள். உதவியில்லாமல் புரிந்து வாசிக்க நூற்றுக்குச் சுமார் 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்வள ஆய்வுகளில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. ஐந்து கோடுகள் விழுந்தால் வகுப்பில் உங்கள் துணையோடு வாசிக்கலாம். பத்தைத் தாண்டினால் அது வாசிப்பே அல்ல, குறியீட்டை உடைக்கும் வேலை. பாடத்தை மாற்றுங்கள்.

தலையாட்டலை நம்புவது

விளக்கி முடித்ததும் 'புரிந்ததா?' என்று கேட்கிறோம். எல்லாத் தலைகளும் ஆடுகின்றன. ஆசிரியரிடம் 'புரியவில்லை' என்பதை மரியாதைக் குறைவாக நினைத்து வளர்ந்தவர்கள் பலர். தனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று வெட்கப்படுகிறவர்கள் இன்னும் பலர். புரிந்துவிட்டதாகத் தவறாக நினைப்பவர்களும் உண்டு, அவர்கள் பொய் சொல்லவில்லை.

பொருளைத் துண்டாக்கிக் கேளுங்கள். 'ஷி யூஸ்ட் டு ஸ்மோக்' என்பதைக் கற்பித்தால், முன்பு புகைத்தாளா, ஒருமுறையா பலமுறையா, இப்போது புகைக்கிறாளா என்று மூன்று சிறு கேள்விகள். பதில் ஒரு சொல்லில் முடிய வேண்டும். கேள்வியில் புதிய சொல்லோ, நீங்கள் இப்போது கற்பிக்கும் அதே 'யூஸ்ட் டு' அமைப்போ வரக்கூடாது. வந்தால் தெரியாததைத் தெரியாததைக்கொண்டே சோதித்ததாகிவிடும்.

எதிர்மறைக் கேள்விகளிலும் கவனம் தேவை. 'பிடிக்கவில்லையா?' என்று கேட்டால் தமிழில் 'ஆமாம், பிடிக்கவில்லை' என்போம். ஜப்பானியரும் சீனரும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அதே பதில் 'நோ' என்று தொடங்க வேண்டும். 'டோன்ட் யூ லைக் இட்?' என்ற கேள்விக்கு 'யெஸ்' என்று பதில் வந்தால், அவர் என்ன சொன்னார் என்று உங்களுக்கே தெரியாது.

கேட்டபின் காத்திருங்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடிக்கு நீட்டியபோது பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். அவை அறிவியல் வகுப்புகள். இரண்டாம் மொழியில் கேட்டு, பொருள் கொண்டு, பதிலை உருவாக்கி, வாயில் கொண்டுவருகிறவருக்கு மூன்று நொடியும் குறைவு என்பதே எங்கள் கருத்து. மனதுக்குள் ஏழு வரை எண்ணுங்கள். அந்த இடைவெளியில் கேள்வியை வேறு சொற்களில் மாற்றிக் கேட்டால், பாவம், அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். திரும்பச் சொல்வதானால் அதே சொற்களில் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் திருத்துவது, எதையும் திருத்தாமல் விடுவது

மாணவர் 'ஹி கோ டு ஸ்கூல்' என்கிறார். ஆசிரியர் புன்னகையோடு 'யெஸ், ஹி கோஸ் டு ஸ்கூல்' என்று சரியாகச் சொல்லிவிட்டு நகர்கிறார். இதமான முறைதான். ஆனால் மாணவர் காதில் விழுவது 'யெஸ்' மட்டும். ராய் லிஸ்டர், லெய்லா ரான்டா இருவரும் கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகளை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டதில், ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்கும் மேல் இந்த வகை. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றுக்கே மாணவர் ஏதேனும் எதிர்வினை காட்டினார். மாணவரையே சரியான வடிவத்தைச் சொல்லவைக்கும் தூண்டல்களுக்கு எப்போதும் எதிர்வினை இருந்தது. ஆகவே 'ஹி...?' என்று இழுத்து நிறுத்துங்கள். அவராகவே 'கோஸ்' என்றால் அது வாய் தவறியது. முடியாவிட்டால் அது அவருக்கு இன்னும் தெரியாதது. மொழியியலாளர் பிட் கார்டர் 1967-இலேயே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். முதலாவதற்கு நினைவூட்டல் போதும், இரண்டாவதற்குப் பாடம் வேண்டும்.

எப்போது திருத்துவது என்பதை அந்த நேரத்தின் நோக்கம் முடிவுசெய்யட்டும். இலக்கணப் பயிற்சி நடந்தால் உடனே. ஒருவர் தன் ஊர்ப் பயணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தால் குறுக்கிடாதீர்கள். தாளில் குறித்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் நான்கு வாக்கியங்களைப் பெயரில்லாமல் பலகையில் எழுதுங்கள், வகுப்பே திருத்தட்டும். அவற்றில் ஒன்றாவது அழகாகச் சொல்லப்பட்ட சரியான வாக்கியமாக இருக்கட்டும்.

எதைத் திருத்துவது என்பதிலும் தேர்வு வேண்டும். 'கோஸ்', 'ஈட்ஸ்' என்ற இறுதி 'ஸ்' பாடநூலில் இரண்டாம் வாரமே வந்துவிடும், ஆனால் இயல்பான பேச்சில் மிகத் தாமதமாகவே படியும். 'ஈட்டிங்' என்பதிலுள்ள 'இங்' முன்னதாகவே வந்துவிடும். தாய்மொழி எதுவானாலும் ஏறக்குறைய இதே வரிசைதான். கற்றுக்கொடுத்த மறுவாரம் 'ஸ்' விடுபட்டது சோம்பலும் அல்ல, உங்கள் தோல்வியும் அல்ல. கட்டுரை திருத்தும்போது ஒரு தாளில் இரண்டு வகைப் பிழைகளை மட்டும் எடுங்கள். பக்கம் முழுக்கச் சிவந்தால் மதிப்பெண்ணைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டார்கள்.

ஒரே பிழை, வெவ்வேறு காரணம்

பலமொழி வகுப்பில் மிகுந்த பலன் தருவது இந்தப் பழக்கம்தான்: பிழையைக் கேட்டதும் காரணத்தைத் தேடுவது. 'த்ரீ புக்' என்று மூவர் சொல்கிறார்கள். ஒருவரின் மொழியில் எண் வந்துவிட்டால் பன்மை விகுதி தேவையில்லை. சீனம், துருக்கி, பாரசீகம் அப்படி, தமிழிலும் 'மூன்று புத்தகம்' என்று பேசுகிறோம். இன்னொருவர் வியட்நாமியர். அவர் மொழியில் சொல்லின் இறுதியில் மெய்யொலிகள் இரண்டு சேர்ந்து வராது, 'க்ஸ்' என்ற முடிவு அவர் வாய்க்கு வரவில்லை. மூன்றாமவர் பாடத்தையே தவறவிட்டவர். சோதிப்பது எளிது. எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் 'ஸ்' இருந்தால் இலக்கணம் தெரியும், வாய்க்குத்தான் பயிற்சி வேண்டும். அவருக்கு இன்னொரு இலக்கணத் தாள் கொடுப்பது வீண்.

ரஷ்யர், சீனர், ஜப்பானியர், கொரியர், தமிழர் ஆகியோருக்கு 'எ', 'தி' தடுமாறும், அவர்கள் மொழிகளில் அவற்றுக்கு நேரான தனிச்சொற்கள் இல்லை. துருக்கியிலும் பாரசீகத்திலும் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல், எனவே 'ஹி', 'ஷி' கலக்கும். உங்கள் வகுப்பிலுள்ள ஒவ்வொரு மொழிக்கும் அரைப்பக்கக் குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் குறிப்பு ஊகம் மட்டுமே, உறுதிப்படுத்த வேண்டியது மாணவரின் பேச்சும் எழுத்தும்.

ஒலிப் பயிற்சியில் பொதுவான தவறு, காது பழகும் முன் வாயைப் பழக்குவது. 'ஷிப்', 'ஷீப்' இரண்டையும் பிரித்துக் கேட்க முடியாதவர் எப்படிப் பிரித்துச் சொல்வார்? வாயை மறைத்துக்கொண்டு பத்து முறை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள், அவர் ஒன்று அல்லது இரண்டு விரல் காட்டட்டும். எட்டு சரியானால் சொல்லவைக்கலாம். 'திங்க்' என்பதன் முதலொலிக்கு வாரக்கணக்கில் மல்லுக்கட்டும் ஆசிரியர்கள், சொல்லழுத்தத்தைத் தொடுவதே இல்லை. அந்த ஒலி தவறினாலும் கேட்பவருக்குப் பெரும்பாலும் புரிந்துவிடும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையிலும் 'ஃபொட்டாக்ரஃபி' என்பதில் இரண்டாம் அசையிலும் விழும் அழுத்தம் இடம்மாறினால் சொல்லே அடையாளம் தெரியாமல் போகும்.

உச்சரிப்பைத் தாய்மொழி எழுத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கத்தையும் சீக்கிரம் விடவைக்க வேண்டும். தமிழில் 'பின்' என்று எழுதிவைத்தால் அது ஊசியா குப்பைக்கூடையா என்று மறுநாள் எழுதியவருக்கே தெரியாது. இறந்தகால விகுதியை எழுத்தைப் பார்த்து 'வாக்கிட்' என்று வாசிப்பதும் இதன் உறவுதான். 'வாக்ட்' என்பதே சரி. 'வான்டட்' போல வினை 't' அல்லது 'd' ஒலியில் முடியும்போது மட்டுமே தனி அசை சேரும். இந்த ஒரு விதி பத்து நிமிடப் பாடம், ஆண்டுக்கணக்கில் உதவும்.

சொற்களைக் கொட்டுவது

'லெஃப்ட்', 'ரைட்' இரண்டையும் ஒரே நாளில் கற்பித்தால் எது எந்தப் பக்கம் என்ற குழப்பம் வெகுநாள் நீடிக்கும். எதிர்ச்சொற்களையும் நெருங்கிய சொற்களையும் முதன்முறையாகச் சேர்த்துக் கற்பித்தால் ஒன்றோடொன்று மோதும் என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. 'ரைட்' உறுதியாகப் படிந்த பிறகு, சில நாள் கழித்து, 'லெஃப்ட்'. ஒரு பாடத்துக்கு எட்டு முதல் பத்துப் புதுச் சொற்கள் போதும். அவற்றை மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் என்று திரும்பக் கொண்டுவர வேண்டும். பட்டியலாக அல்ல, 'மேக் எ மிஸ்டேக்' என்பதுபோலச் சேர்க்கையாக. 'மிஸ்டேக்' மட்டும் தெரிந்தவர் 'டூ எ மிஸ்டேக்' என்றுதான் சொல்வார்.

தாய்மொழிக்குத் தடை போடுவது

வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே என்ற விதி கண்டிப்பானதாகத் தோன்றும். ஒரு சொல்லைப் பக்கத்திலிருப்பவர் ஐந்து நொடியில் தாய்மொழியில் சொல்லிவிடக்கூடியபோது, நீங்கள் ஐந்து நிமிடம் நடித்துக்காட்டுவதில் யாருக்கு லாபம்? கருத்தைத் திட்டமிடத் தாய்மொழி, வெளியே சொல்ல ஆங்கிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் மொழிபெயர்த்துக் கொடுப்பதும் அதே அளவு தவறு. மொழிபெயர்ப்பு வரும் என்று தெரிந்தால் ஆங்கிலத்தை யாரும் கேட்கமாட்டார்கள்.

கட்டளைகளிலும் சுருக்கம் வேண்டும். மரியாதைக்காக நீட்டி முழக்கிய வாக்கியத்தில் வினைச்சொல்லைத் தேடிக் களைத்துப்போவார்கள். 'ரீட். அண்டர்லைன் ஃபைவ் வேர்ட்ஸ்.' அவ்வளவுதான். முதலில் ஒரு மாணவரோடு செய்துகாட்டுங்கள், பிறகு தாளைக் கொடுங்கள். தாளை முதலில் கொடுத்தால் கண்கள் அதற்குப் போய்விடும்.

சரளத்தைக் கண்டு ஏமாறுவது

குழந்தைகளுக்குக் கற்பிப்பவர்கள் இதை மறக்கக்கூடாது. விளையாட்டுத் திடலில் நன்றாகப் பேசும் பிள்ளை, அறிவியல் பாடத்தில் விழிக்கிறது. இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் விளக்கியபடி அன்றாடப் பேச்சு சுமார் இரண்டு ஆண்டில் கைவரும், பாடமொழி அந்த வகுப்பின் மட்டத்தை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் அல்லது அதற்கும் மேல் ஆகும். பேச்சைக் கேட்டு உதவியை நிறுத்தினால் அந்த நடு ஆண்டுகளில் பிள்ளை தனியாக மூழ்கும். கற்றல் குறைபாடு என்ற முத்திரை குத்தும் முன்பும், குறையை மொழிமேல் போட்டுத் தள்ளிவைக்கும் முன்பும், அதே சிக்கல் தாய்மொழியிலும் இருக்கிறதா என்று வீட்டாரிடம் கேளுங்கள். காது கேட்கிறதா, பலகை தெரிகிறதா என்றும் பாருங்கள்.

மட்டம் வேறுபடும் வகுப்புக்கு மூன்று வெவ்வேறு பாடங்கள் தயாரித்துக் களைக்க வேண்டாம். 'எளிய தாள்' வாங்குகிறவர் யார் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். நூற்றைம்பது சொல்லில் ஒரே பாடம், பணி மட்டும் வேறு: ஒருவர் படங்களைப் பத்தியோடு பொருத்துவார், ஒருவர் ஐந்து கேள்விக்கு விடை எழுதுவார், ஒருவர் அதே நிகழ்ச்சியை வேறொரு பாத்திரத்தின் வாயால் சொல்வார். பிறகு மூவரும் ஒரே உரையாடலில் சேரலாம்.

தலைப்புகளைத் தேர்ந்தெடுக்கும்போதும் யோசியுங்கள். 'உன் குடும்பத்தைப் பற்றிச் சொல்', 'சிறுவயது வீட்டை வரை' என்பவை பாடநூல்களின் முதல் அத்தியாயங்கள். போரில் வீட்டையும் உறவையும் இழந்து வந்தவருக்கு அவை சாதாரணக் கேள்விகள் அல்ல. உண்மைக் குடும்பமோ கற்பனைக் குடும்பமோ, அவரவர் விருப்பம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சொந்தக்காரர்களுக்கான சொற்களைக் கற்க இரண்டில் எதுவானாலும் சரி.